கொக்குகள் தோற்றதற்கு யார் காரணம்?

கார்வின், ஒஹாயோ
3 செப்டம்பர் 1974

திருமதி டொம்பெக் அவர்களுக்கு,

நேற்றோடு எல்லாம் முடிந்தது. கடைசி ஆட்டத்திலும் மண்ணைக் கவ்விவிட்டு, நம் பேஸ்பால் டீம் கொக்குகள் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. கொக்குப் படம் போட்டு, கார்வின் ஹெரன்ஸ் என்று நெஞ்சில் எழுதிய சட்டையைப் போட்டுக்கொள்ள அந்தப் பையன்களுக்கே கூசியிருக்கும். இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று மார்ச் மாதத்தில் எழுதிய அதே ஊர்ப் பேப்பர், இன்று காலை நம்மைப் பற்றி நாலு வரிதான் போட்டிருக்கிறது. அதுவும் டயர் விளம்பரத்துக்குக் கீழே.

உங்கள் விலாசத்தைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கினேன். கோஸ்கா சாமியார் எழுதிக் கொடுக்கும்போது ஒரு தினுசாகச் சிரித்தார். சீட் விஷயமாக எழுத வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

யாரால் இந்தக் கதி என்று ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. நானும் யோசித்துவிட்டேன். துறைமுகத்தில் இத்தனை காலம் கிரேன் ஓட்டியவன் நான். பாரம் எங்கே முதலில் சாய்ந்தது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியும்.

மேனேஜர் மெக்கார்டில் முதல் குற்றவாளி. பந்து வீசுகிற பையன் களைத்துத் தள்ளாடிக்கொண்டிருப்பான். இந்த மனுஷன் வாயில் இருக்கும் புகையிலையைத் துப்பிவிட்டு எழுந்து வருவதற்குள் எதிரணி இரண்டு ரன் எடுத்துவிடும். மைதானத்தில் மூன்றாம் தளத்தைக் காத்து நிற்கிறானே வில்லிஸ், அவன் பந்து பிடிக்கிறானா கோழி பிடிக்கிறானா என்று யாருக்கும் புரியவில்லை. முதலாளியோ, நன்றாக அடிக்கத் தெரிந்த ஒரே ஒருத்தனை மே மாதத்தில் வேறு ஊருக்கு விற்றுவிட்டு, பாப்கார்ன் பொரிக்கப் புது மெஷின் வாங்கி வைத்தார். பாப்கார்ன் நன்றாகத்தான் இருந்தது.

இவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் சரிவு ஆரம்பித்தது எங்கே என்று உங்களுக்கும் தெரியும். ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. பந்து வீசிய டாரல் கீன் ஒன்பதில் ஆறு இன்னிங்ஸ் முடித்துவிட்டான், எதிரணியில் ஒருத்தனைக்கூட ஒழுங்காக அடிக்க விடவில்லை. அப்படி ஒரு ஆட்டம் ஒரு பையனின் வாழ்க்கையில் ஒரு தடவை வந்தால் பெரிசு. அது நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது, விட்டால் கெட்டுவிடும். கால் மரத்துப்போனாலும் இடம் மாறி உட்காரக் கூடாது. கூட ஆடுகிறவர்களே அவன் பக்கத்தில் போக மாட்டார்கள். சின்னக் குழந்தைக்குத் தெரியும் இது. நீங்கள் என்ன செய்தீர்கள்? ஏழாவது இன்னிங்ஸில், மூன்று வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "இதுவரைக்கும் பையன் ஒரு அடிகூட விடல, பாத்தீங்களா"ன்னு சொன்னீர்கள். அடுத்த பந்து வேலியைத் தாண்டிப் போயிற்று. அதற்கப்புறம் கீன் பழைய கீனாக இல்லை. டீமும் பழைய டீமாக இல்லை.

பழி சொல்வதற்காக எழுதவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். டிக்கெட் ஆபீஸ் பெண், என் பக்கத்து சீட் அடுத்த வருஷத்துக்கு உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறாள். நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முன்னால் சொல்லியாக வேண்டுமாம். ஆகஸ்ட் முழுக்க அதில் யாரோ ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான். உடம்பெல்லாம் வெங்காய வாடை. எனக்கென்ன வந்தது, யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

இப்படிக்கு,
செஸ்டர் பிலார்ஸ்கி


யூஜீன், ஒரிகன்
11 செப்டம்பர் 1974

திரு. பிலார்ஸ்கி அவர்களுக்கு,

உங்கள் தீர்ப்பு கிடைத்தது, நீதிபதி ஐயா. ஸ்டேடியத்தில் ஆறாவது பிரிவில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியின் வாய்க்கு, ஒரு டீமையே நாலு மாதம் தோற்கடிக்கிற சக்தி இருக்கிறதென்று இதுவரை எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் வேறு நல்ல காரியங்களுக்குப் பயன்படுத்தியிருப்பேன். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அந்தப் பழைய அடுப்பை எத்தனை தடவை திட்டியிருப்பேன், அது ஒரு நாளும் அசைந்து கொடுத்ததில்லை.

கீனுக்குத் தோளில் வலி என்று மே மாதமே பேப்பரில் வந்தது. அதை நீங்கள் படிக்கவில்லை போலிருக்கிறது. வில்லிஸ் போன வருஷமும் கோழிதான் பிடித்தான். அப்போது ஜெயித்துக்கொண்டிருந்ததால் உங்கள் கண்ணில் படவில்லை.

அப்புறம், நடந்ததைச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதியைத்தான் சொன்னீர்கள். நான் சொன்னதற்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் ஒன்று நடந்தது. நீங்கள் எழுந்து நின்று, என்னைப் பார்த்து என்னவோ கத்தினீர்கள். அது உங்கள் நினைவில் இல்லையென்றால் பரவாயில்லை, எனக்கு இருக்கிறது.

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். கேரல் என்னைத் தரையில் கால் வைக்க விடுவதில்லை. அம்மா நீ உட்காரு, அம்மா நீ படு. பேரக்குழந்தைகளுக்கு என்னைப் பார்த்தால் கூச்சம் இன்னும் போகவில்லை. உருளைக்கிழங்கு வைத்துப் பியரோகி கொழுக்கட்டை செய்து வைத்தேன். மேலே சர்க்கரை தூவித் தின்றார்கள். மழை பெய்துகொண்டே இருக்கிறது. சாயங்காலம் ஆனால் எல்லோரும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆட்டம் கேட்கலாமென்று ஒருநாள் ரேடியோவைத் திருகிப் பார்த்தேன். தேவாலயப் பாட்டுத்தான் வந்தது.

ஒரு முழுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள், அதில் எங்கேயும் நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது உங்கள் பழக்கம்.

சீட்டை வெங்காயக்காரருக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெர்னிஸ் டொம்பெக்


கார்வின்
18 செப்டம்பர் 1974

பெர்னிஸ் அவர்களுக்கு,

சரி, கேட்கிறேன். சௌக்கியமா? முழங்கால் எப்படி இருக்கிறது? மழைக்கு அது வலிக்குமே.

கத்தினேன் என்று சொல்கிறீர்கள். ஸ்டேடியத்தில் கத்தாமல் மாதா கோயிலிலா கத்துவார்கள். கோபத்தில் வந்த வார்த்தை. அதற்காக ஒரு மனுஷி மறுநாளிலிருந்து ஆட்டத்துக்கே வராமல் இருந்து, ஜூன் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போவாளா? நீங்கள் போனது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? பேக்கரியில் ரொட்டிக்கு நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஸ்டூபெக், "டொம்பெக் அம்மா பொண்ணு வீட்டுக்குப் போயாச்சாமே, உனக்குத் தெரியுமில்ல?"ன்னு கேட்டான். ஆறாவது பிரிவில் நமக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து வாயில் ஈ போவது தெரியாமல் தூங்குகிறானே, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் தலையை ஆட்டிவிட்டு, ரொட்டி வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

கீனின் தோள்வலி பற்றிப் படித்தேன். தோள் வலியெல்லாம் மனசு விட்டுப்போன பிறகு வருவது. இதில் நான் மாறப்போவதில்லை.

போன வாரம் பெரிய காற்று. உங்கள் வீட்டுக் கூரை ஓரத்துத் தண்ணீர்க்குழாய் ஒரு பக்கம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமாகப் போனேன், பார்த்தேன், ஏணி எடுத்து வந்து மாட்டிவிட்டேன். மழை வந்தால் சுவர் கெட்டுப்போகும், அதனால்தான். உங்கள் தக்காளிச் செடிகளை யாரும் கவனிக்கவில்லை. கேட்பாரில்லாமல் காய்த்துத் தள்ளியிருக்கிறது.

செஸ்டர்


(தபால் அட்டை. ஒரு பக்கத்தில் ஒரிகன் கடற்கரைப் படம்.)

25 செப்டம்பர்

செஸ்டர், முழங்கால் வலிக்கிறது. அந்தத் தக்காளியை அழுக விடாதீர்கள், பறித்துக்கொள்ளுங்கள். ஏணியில் இந்த வயதில் ஏறாதீர்கள். கடைசி ஆட்டம் எப்படி இருந்தது என்று எழுதவே இல்லையே. யார் யார் வந்திருந்தார்கள்? — பெ.


கார்வின்
1 அக்டோபர் 1974

பெர்னிஸுக்கு,

தக்காளியைப் பறித்துவிட்டேன். இரண்டு வாளி. தனி ஆள் எவ்வளவு தின்ன முடியும். பாதியைச் சாமியார் வீட்டில் கொடுத்தேன், அவர் மறுபடியும் அந்தச் சிரிப்புச் சிரித்தார்.

கடைசி ஆட்டம் என்ன பெரிய ஆட்டம். கூட்டமே இல்லை. குளிர்காற்று ஏரிப் பக்கமிருந்து நேராக முகத்தில் அடித்தது. ஸ்டூபெக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு தூங்கினான். வெங்காயக்காரன்கூட வரவில்லை. நான் என் கோட்டைக் கழற்றி உங்கள் சீட்டில் போட்டு வைத்தேன். பாப்கார்ன் விற்கிற பெண் வந்து, "அங்க ஆள் வராங்களாய்யா?"ன்னு கேட்டாள். "வருவாங்க"ன்னு சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒன்பது இன்னிங்ஸும் குளிரில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கோட்டை எடுத்து மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

எட்டாவது இன்னிங்ஸில் வில்லிஸ் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தான். இந்த வருஷத்திலேயே அதுதான் நல்ல பிடி. திரும்பி உங்களிடம், "கோழி மாட்டிக்கிச்சு"ன்னு சொல்ல வாயெடுத்துவிட்டேன். கோட்டிடமா சொல்வது.

இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன். மெக்கார்டிலை இன்னும் வேலையைவிட்டு எடுக்கவில்லை. அந்த ஆளை வைத்துக்கொண்டு அடுத்த வருஷமும் இதே கூத்துத்தான்.

உங்கள் வீட்டுக்குள் யாரோ ஒருவர் டை கட்டிக்கொண்டு போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததாக ஸ்டூபெக் சொல்கிறான். யார் அது? குழாய்க்காரராக இருக்காது, குழாய்க்காரர் டை கட்ட மாட்டார்.

செஸ்டர்


யூஜீன்
9 அக்டோபர் 1974

செஸ்டருக்கு,

டை கட்டியவர் வீடு வாங்கி விற்கும் தரகர். கேரல் ஏற்பாடு. கார்வினில் உனக்கு இனி என்ன இருக்கிறது அம்மா என்று தினமும் கேட்கிறாள். நல்ல பெண், என் நல்லதுக்குத்தான் சொல்கிறாள். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். லெனர்டின் கல்லறை இருக்கிறது. ஒரு வீடு இருக்கிறது. இரும்பு நாற்காலி ஒன்று இருக்கிறது, முதுகு வலிக்கிற நாற்காலி. இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

கோபத்தில் வந்த வார்த்தை என்று எழுதியிருந்தீர்கள். அது என்ன வார்த்தை என்று நீங்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். "லெனர்ட் சீட்டுல உக்காந்துட்டா லெனர்ட் ஆயிட முடியுமா? ஆட்டம் தெரியாதவங்க வீட்லயே இருக்க வேண்டியதுதானே." ஸ்டூபெக்கே விழித்துக்கொண்டான், அவ்வளவு சத்தம்.

என் வீட்டுக்காரர் லெனர்ட் இறந்த அடுத்த வசந்தத்தில் நான் ஏன் அந்த சீட்டுக்கு வந்தேன் தெரியுமா? அவர் இல்லாத வீட்டில் சாயங்காலத்தைக் கழிக்க முடியாமல்தான். முதல் நாள் நான் வந்து உட்கார்ந்தபோது நீங்கள் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கமாக நகர்த்திவிட்டு, "இந்தப் பந்து வீசுற பையன் தேற மாட்டான்"னு சொன்னீர்கள். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அன்றிலிருந்து அது லெனர்டின் சீட் இல்லை, என்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அப்படி இல்லை என்று ஏப்ரலில்தான் தெரிந்தது. விமானத்தில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

தோற்றதற்குக் காரணம் நானாகவே இருந்துவிட்டுப் போகட்டும், செஸ்டர். அதை இனி பேச வேண்டாம்.

பெர்னிஸ்


கார்வின்
16 அக்டோபர் 1974

பெர்னிஸுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். கடைசியில் கிளம்பிப் போய் டாரல் கீனையே பார்த்துவிட்டேன்.

அந்தப் பையன் ஆட்டம் இல்லாத மாதங்களில் ஏரிக்கரை ரோட்டில் டயர் கடையில் வேலை செய்கிறான். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியிருக்கிறான் இல்லையா, அதனால் அவன் சொந்த ஊருக்குப் போகவில்லை. நான் போனபோது கை முழுக்கக் கரியாக ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். என் காருக்கு டயர் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் ஒன்று மாற்றச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

"ஏப்ரல்ல அந்த சனிக்கிழமை ஆட்டம் ஞாபகம் இருக்காப்பா?"ன்னு கேட்டேன்.

"மறக்கிற ஆட்டமாய்யா அது. அதுக்கப்புறம் ஏதாவது உருப்படியா போட்டேனா நான்."

"ஆறாவது பிரிவுல ஒரு அம்மா, நீ இன்னும் அடியே விடலேன்னு சத்தமா சொல்லிட்டாங்க. அதனாலதான்..."

பையன் சிரித்துவிட்டான். "அந்தம்மா சொன்னதெல்லாம் எனக்குக் கேக்கவே இல்லய்யா. நடுவுல நிக்கிறவனுக்கு எப்படிக் கேக்கும்? சொன்னாத்தான் என்ன, நாலாவது இன்னிங்ஸ்லேர்ந்து நானே மனசுக்குள்ள அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரே ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. எவனோ ஒரு ஆளு, முதல் தளத்துப் பக்கம், எழுந்து நின்னு ஒரு அம்மாவைப் பாத்துக் கத்துறான். பந்து கையை விட்டுப் போற நேரம். யாரோ அடிச்சுக்கிறாங்கன்னு நெனச்சு ஓரக்கண்ணால பாத்துட்டேன். பந்து நேரா நடுவுல போய் விழுந்துச்சு. எதிர்ல நின்னவன் அடிச்சுட்டான்." சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "அந்த ஆளு மட்டும் என் கையில கெடச்சான்னு வையுங்க"ன்னான்.

நான் தொப்பியை நெற்றிக்கு இறக்கிக்கொண்டு, "ரொம்பச் சரி"ன்னு சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது என் காரில் மூன்று பழைய டயரும் ஒரு புது டயரும் ஓடுகின்றன. வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

அந்த சீட் உங்களுடையதுதான். லெனர்ட் துறைமுகத்தில் எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி. அவன் போன பிறகு அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் எனக்கு ஆகாது என்று நினைத்திருந்தேன். நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். இரண்டாவது வருஷமோ மூன்றாவது வருஷமோ, நீங்கள் படிக்கட்டில் ஏறி வருவதைப் பார்க்கும்போது லெனர்டின் ஞாபகம் வராமல் போயிற்று. அது எனக்குத் தப்பாகப் பட்டது. அன்றைக்குக் கோபத்தில் அவன் பெயர் ஏன் வாயில் வந்தது என்று கேட்டால், இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நியாயமாகக் கேட்கிறேன். இந்தக் கட்டுப்பாடெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நல்ல ஆட்டம் நடக்கும்போது என் தும்மலைக்கூட அடக்கச் சொல்கிறவர் நீங்கள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை வாய் தவறியதில்லை. அன்றைக்கு ஏன் சொன்னீர்கள்?

செஸ்டர்


யூஜீன்
23 அக்டோபர் 1974

செஸ்டருக்கு,

சிரித்தேன். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கேரல் கதவைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது. அப்புறம்தான் கதவைத் திறந்தேன்.

கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். வாய் தவறிச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அன்று காலை கேரலிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அம்மா, நீ தனியாக இருந்தது போதும், வீட்டைக் கொடுத்துவிட்டு இங்கேயே வந்துவிடு என்று. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது? சாயங்காலம் உங்களைப் பார்ப்பேனே என்று கடிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது இன்னிங்ஸில், "செஸ்டர், ஒரு விஷயம் கேக்கணும்"னு ஆரம்பித்தேன். "இருங்க, இருங்க, பையன் இன்னைக்கு நல்லா வீசுறான்"னு சொன்னீர்கள். நாலாவதில் மறுபடி கேட்டேன். "ஆட்டம் முடியட்டும்மா"ன்னீர்கள். ஆறாவதில் நான் வாயைத் திறந்ததும், திரும்பிக்கூடப் பார்க்காமல் போலீஸ்காரர் மாதிரி கையைக் காட்டி நிறுத்தினீர்கள். அதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்ன நடக்கிறதென்று. யாரும் பேசவில்லை. உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதே உங்களுக்கு மறந்துபோயிருந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிகிற வரை காத்திருந்திருக்கலாம்தான். முடிந்த பிறகு நீங்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பீர்கள், அப்புறம் பீர் குடிக்கப் போவீர்கள், நான் வீட்டுக்கு வந்து, சரி வருகிறேன் என்று கேரலுக்கு எழுதிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். உங்களை என் பக்கம் திரும்ப வைக்க உலகத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதைச் சொன்னேன். திரும்பினீர்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதுதான் உங்களுக்கே தெரியுமே.

கேட்க நினைத்தது இவ்வளவுதான். கேரல் கூப்பிடுகிறாள், நான் போகட்டுமா? அதற்கு நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதையும் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. வேண்டாம், போக வேண்டாம் என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன். காலையிலிருந்தே அப்படி நினைத்துக்கொண்டு, நீல நிறச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தேன். இந்த வயதில்.

தரகர் ஒரு குடும்பத்தைப் பிடித்துவிட்டார். நவம்பர் முதல் வாரம் நான் அங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் தங்குவேன். தக்காளிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிடுங்கள், புதிதாக வருகிறவர்கள் பார்த்தால் அசிங்கமாக இருக்கும்.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்றில்லை. மெக்கார்டிலை எடுத்துவிட்டார்களா என்று மட்டும் எழுதுங்கள்.

பெர்னிஸ்


கார்வின்
28 அக்டோபர் 1974

பெர்னிஸ்,

உங்கள் கடிதம் இன்று காலையில் வந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றபடியே படித்தேன். மறுபடி படித்தேன். அதற்கப்புறம் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தாளில் பாதிக்கு மேல் மெக்கார்டிலைத் திட்டியிருந்தேன். இன்னொன்றில் லெனர்டிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன், உங்களுக்கு எழுதுகிற கடிதத்தில். பேச வேண்டியதைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு நன்றாக எழுத வருகிறது.

மெக்கார்டிலை எடுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் சந்தோஷம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இந்த வருஷம் கொக்குகள் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்திருந்தாலும், ஏப்ரலுக்கு அப்புறம் எனக்கு அது தோற்ற வருஷம்தான். மற்றவர்களையெல்லாம் திட்டித் தீர்த்தது, இதைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான். பக்கத்தில் நீங்கள் இல்லாமல் எனக்கு ஆட்டம் பார்க்கத் தெரியவில்லை. ஆட்டம் இல்லாத நாளில் அதைவிட மோசம்.

நீங்கள் போய் மாதக்கணக்காகிறது, தெரியும். வீட்டுக்கு ஆள் பிடித்தாயிற்று, தெரியும். கேரல் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்றும் யோசித்தேன். ஆனாலும் அந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வந்தது என்னிடம். வேறு யார் அதற்குப் பதில் சொல்ல முடியும்?

போகாதே, பெர்னிஸ்.

செஸ்டர்